கப்பல் அறை டிவிக்கு ஏன் இந்தப் பூட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் உல்லாசக் கப்பல் பயணம் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. எத்தனை ரெஸ்டாரன்ட், எத்தனை நீச்சல் குளம், எந்த மாடியில் என்ன ஆட்டம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். தங்கும் அறையைப் பற்றி மட்டும் ஒரே வரி: கட்டில், குளியலறை, டிவி வசதி உண்டு. அந்த 'டிவி வசதி உண்டு' பற்றித்தான் இந்தக் கடிதம். நான் தாராவி 90 அடி ரோட்டில் 1989லிருந்து டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மற்ற விஷயங்களில் என் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். டிவி விஷயத்தில் நம்பலாம்.

என் மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். போன டிசம்பரில் எங்களை வரவழைத்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி கப்பலில் டிக்கெட் போட்டாள். நான், மனைவி, என் அம்மா மூன்று பேரும் ஒரு அறை. மகளும் மருமகனும் பக்கத்து அறை. அம்மாவுக்கு 81 வயது. திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து எங்கள் அப்பாவைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண் இன்னும் பாக்கி. கப்பலில் மற்றவர்கள் 12ஆவது மாடிக்கும் 5ஆவது மாடிக்கும் லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அம்மாவுக்கு மொத்தக் கப்பலும் அந்த ஒரு அறைதான். காலையில் வீல்சேரில் மேல்தளத்துக்குக் கூட்டிப் போனால் அரை மணி நேரத்தில் "காத்து அடிக்கு, போதும்ல" என்பார். பிறகு அறை, கட்டில், எதிரே சுவரில் மாட்டிய 43 அங்குல டிவி.

அந்த டிவியில் என்ன வந்தது என்றால், கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம், கடைகளின் விளம்பரம், இரண்டு ஆங்கிலச் செய்தி, ஒரு சமையல், சீன மொழியில் மூன்று நான்கு, இந்தியில் ஒன்று. தமிழ் இல்லை. நாங்கள் கப்பல் ஏறிய ஊரில் தமிழ் 4 ஆட்சி மொழிகளில் ஒன்று. அந்த ஊர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் 'சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதியிருக்கும். துறைமுகத்தை விட்டு ஒரு கேபிள் தூரம் நகர்ந்ததும் நம் மொழி இறங்கிவிடுகிறது. இதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கடலில் எல்லாச் சேனலும் சாட்டிலைட் வழியாகத்தான் வர வேண்டும், எதைக் கொடுப்பது எதை விடுவது என்பது அவர்கள் கணக்கு. இது எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் கையோடு சரக்குக் கொண்டுபோயிருந்தேன்.

சரக்கு என்னவென்றால், எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. போன சித்திரையில் என் தம்பி மகன் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவுச் சாமக்கொடை முடியும்வரை போனில் எடுத்து வைத்திருந்தான். முழங்காலால் அம்மா போக முடியாத முதல் கொடை அது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினான். அம்மா போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தள்ளிப் பிடித்து, "என்னல இது, எறும்பு ஊருத மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அவனிடம் மூல வீடியோவையே கேட்டு வாங்கி ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். ஒரே ஃபைலாக ஏற விடவில்லை. பழைய பாணியில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. மூன்றாக வெட்டினேன். கடையில் சோதித்துப் பார்த்து, போனின் டைப்-சி சார்ஜர் வாயிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐ வாய்க்குப் படத்தை மாற்றும் ஒரு அடாப்டர், ஒன்றரை மீட்டர் வயர், டிவியில் சொருகினால் போனில் ஓடுவதை வயர் இல்லாமல் காட்டும், மகன் வாங்கிக் கொடுத்த காஸ்டிங் குச்சி, நாலு பிளக் போடும் ஸ்பைக் பஸ்டர் பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். ரிப்பேர்காரன் சும்மா போவானா?

ஸ்பைக் பஸ்டர் கப்பல் வாசலிலேயே போய்விட்டது. ஸ்கேனரில் பார்த்து எடுத்து, ஒரு சீட்டைக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள் என்றார்கள். என் மனைவிக்குக் கோபம். எனக்கு இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பலர் இதற்காகக் கப்பல்காரர்களைத் திட்டுகிறார்கள். நம் வீட்டில் வரும் இரண்டு கம்பியில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரல் பூமியோடு கட்டப்பட்டது, தொட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. கப்பலில் பல இடங்களில் அப்படிக் கிடையாது. இரண்டு கம்பியுமே கப்பலின் இரும்பு உடம்போடு சேராமல் தனியாக மிதக்கும், இரண்டிலும் மின்சாரம் இருக்கும். ஒரு இடத்தில் எர்த் ஆனாலும் மொத்தக் கப்பலும் இருட்டாகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் செய்த ஸ்பைக் பஸ்டரில் ஸ்விட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்புத் துண்டு இந்த ஏற்பாட்டில் சூடாகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. 2013இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. நடுக்கடலில் தீ என்றால் ஓடி ரோட்டுக்கு வர முடியுமா? எனவே அந்தப் பறிமுதல் நியாயம். போகிறவர்கள் அந்தப் பாதுகாப்புத் துண்டு இல்லாத, வெறும் யூஎஸ்பி வாய்கள் மட்டும் உள்ள சார்ஜர் ஒன்றைக் கொண்டுபோங்கள், பொதுவாக யாரும் எடுக்க மாட்டார்கள்.

முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்து அறைக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். பென் டிரைவை டிவியின் பக்கவாட்டில் சொருகினேன். பென் டிரைவின் சின்ன லைட் எரிந்தது. டிவி கண்டுகொள்ளவே இல்லை. எந்த வாயிலிருந்து படம் எடுப்பது என்று மாற்றும் 'சோர்ஸ்' பட்டனே ரிமோட்டில் கிடையாது. வால்யூம், சேனல், ஆன்-ஆஃப், அவ்வளவுதான். டிவியின் அடியில் விரலை விட்டுத் தடவினால் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் திரையில் ஒரு பூட்டுப் படம் வந்து மறைந்தது.

சரி, குச்சியை முயற்சிப்போம் என்று பார்த்தேன். 2013இல் கூகுள் குரோம்காஸ்ட் வந்த காலத்திலிருந்து இந்தக் குச்சிகளுக்கு ஒரே சட்டம்தான்: போனும் குச்சியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கப்பல் வைஃபையில் நுழைய ஒரு பக்கம் திறந்து அறை எண்ணும் பிறந்த தேதியும் கேட்கிறது. குச்சிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவும் தெரியாது, 'சம்மதம்' என்று அமுக்கவும் தெரியாது. அப்படியே உள்ளே நுழைந்தாலும் கப்பல் வைஃபை ஒவ்வொரு கருவிக்கும் நடுவே சுவர் வைத்திருக்கும். என் போன் இன்டர்நெட்டைப் பார்க்கலாம், என் பக்கத்தில் இருக்கும் டிவியைப் பார்க்க முடியாது. இதுவும் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சுவர் இல்லாவிட்டால் பக்கத்து அறைப் பையன் அவன் போனில் பார்ப்பது எங்கள் டிவியில் வந்து நிற்கும். அதை என் அம்மாவோடு உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும்.

நடுவே கப்பல் வைஃபை தேவைப்படாமல் போன் நேரடியாக டிவியைப் பிடிக்கும் மிராகாஸ்ட் என்று ஒன்று 2012லேயே வந்துவிட்டது. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஸ்கிரீன் காஸ்ட், ஸ்மார்ட் வியூ என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ள டிவி பக்கமும் கதவு திறந்திருக்க வேண்டும். இங்கே அதுவும் மூடியிருந்தது. காதில் மாட்டும் நெக்பேண்டைக் கழற்றி எரிச்சலில் பக்கத்தில் வீசினேன். அது போய்ச் சுவரில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அதன் நுனியில் காந்தம். அறைச் சுவர் முழுக்க இரும்புத் தகடு! என் மனைவிக்கு அதுதான் அந்த ராத்திரியின் பெரிய கண்டுபிடிப்பு. மறுநாளே கடையில் இரண்டு காந்தப் படம் வாங்கி, விபூதிப் பொட்டலத்தையும் அம்மாவின் மாத்திரைச் சீட்டையும் சுவரில் தொங்கவிட்டுவிட்டாள்.

இனி பூட்டின் கதை. டிவி கம்பெனிகள் ஹோட்டலுக்கென்றே சில மாடல் செய்கின்றன. வீட்டு மாடலிலும் சிலவற்றில் 'ஹோட்டல் மோட்' என்று ஒரு மறைவு மெனு இருக்கும். ரிமோட்டில் சில பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் திறக்கும். வால்யூம் இதற்கு மேல் போகக் கூடாது, ஆன் செய்ததும் இந்தச் சேனல்தான் வர வேண்டும், எச்டிஎம்ஐக்கு மாற்ற விடாதே, யூஎஸ்பியைப் படிக்காதே என்று எல்லாம் அதில் வைக்கலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நானே பூட்டியிருக்கிறேன். பரேலில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு லாட்ஜில் 26 அறை டிவியும் என் பராமரிப்பு. வால்யூம் 30க்கு மேல் போகாமல், சோர்ஸ் மாறாமல், எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவன் இந்தக் கைதான். லாட்ஜ்காரர் சொன்னார், நான் செய்தேன். வருவோர் போவோர் செட்டாப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் புகார். தப்பில்லாத புகார்.

அங்கே ஒரு நாள் கும்பகோணம் பக்கத்துக்காரர் ஒருவர் மாடிப்படியில் என்னைப் பிடித்தார். மனைவிக்கு டாடாவில் கீமோ. ரூமில் படுத்தே இருக்கிறாள், இந்தி புரியவில்லை, என்னிடம் பென் டிரைவில் பழைய படங்கள் இருக்கின்றன, போட்டுத் தர முடியுமா என்றார். பத்து வினாடி வேலை. "ஓனரைக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஓனர் அன்று ஊரில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கப்பலில் அந்தப் பூட்டுப் படம் திரையில் வந்து மறைந்தபோது எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும்.

அந்தப் பட்டன் வரிசையை அடித்துப் பார்க்கக் கை துடித்தது உண்மை. மனைவி விடவில்லை. "அடுத்தவன் பொருளு. வேற நாட்டுக் கப்பலு. பேசாம போன் பண்ணிக் கேளுங்க" என்றாள். வரவேற்பில் ஒரு பெண் மிக மரியாதையாக, டிவியில் வெளிக் கருவிகளை இணைக்க அனுமதியில்லை என்றாள். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, அது பொதுவான நடைமுறை சார் என்றாள். மகள் டிக்கெட் எடுத்த பக்கத்தையும் மெயிலில் வந்த 14 பக்க விதிமுறைகளையும் நாங்கள் அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தோம். இஸ்திரிப் பெட்டி கூடாது, கெட்டில் கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, டிரோன் கூடாது, எல்லாம் இருக்கிறது. டிவியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அறைப் படத்தில் மட்டும் டிவி பளபளவென்று இருக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் டெக்னீஷியன் ஒருவரை அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், உள்ளே அம்மா "யாருல அது?" என்று கேட்டதும் நின்றுவிட்டார். "பாட்டி எந்த ஊரு?" தூத்துக்குடிப் பையன். ஆறு மாத ஒப்பந்தத்தில் கப்பலின் டிவி, வைஃபை எல்லாம் பார்க்கிறவர். அதற்குப் பிறகு நான் அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

"அண்ணாச்சி, பூட்டினது நாங்க இல்ல, கம்பெனி. ஆனா காரணம் இருக்கு" என்றார். கப்பல் துறைமுகத்துக்கு வரும் நாளில் காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மத்தியானம் அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் சில மணி நேரத்தில் அத்தனை அறையும் சுத்தமாக வேண்டும். முந்தின ஆள் எச்டிஎம்ஐயில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த ஆள் ஆன் செய்ததும் 'நோ சிக்னல்' என்று நீலத் திரை. உடனே போன். இப்படி 40 அறையிலிருந்து போன் வந்தால் இரண்டு டெக்னீஷியன் என்ன செய்வார்கள்? சிலர் சுவரிலிருந்து டிவியையே இழுத்து முன்னால் கொண்டுவந்து அதைத் தாங்கும் பிடியை உடைத்திருக்கிறார்களாம். பாதுகாப்பு வீடியோவும் இந்த டிவியில்தான் முதலில் ஓடுகிறது. 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கி, 2015லிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஆபத்துப் பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் டிவி ஆன் செய்தால் கப்பல் சேனல் வந்தே தீர வேண்டும் என்கிறார்கள்.

நானும் மெக்கானிக்தானே, பதில் சொன்னேன். நிஜ ஆபத்துக்கு மணி அடிக்கும், அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் அறிவிப்பு வரும். டிவி எந்த சோர்ஸில் இருக்கிறது என்று அது பார்க்காது. ஆன் செய்ததும் கப்பல் சேனல் வர வேண்டும் என்றால் ஹோட்டல் மோடிலேயே அதற்குத் தனி வரி இருக்கிறது: பவர்-ஆன் சேனல். அதை வைத்துவிட்டு எச்டிஎம்ஐ ஒன்றைத் திறந்து விடலாம். ஆஃப் செய்து ஆன் செய்தால் தானாகவே கப்பல் சேனலுக்கு வந்துவிடும். அடுத்த ஆளுக்கு நீலத் திரையும் வராது, உங்களுக்குப் போனும் வராது. அவர் சிரித்தார். "இத நான் எழுதியும் குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றார். பிறகு மேலதிகாரியிடம் வாக்கிடாக்கியில் ஏதோ பேசி, வயதானவர், நகர முடியாதவர் என்று சொல்லி அனுமதி வாங்கி, தன் பையிலிருந்த சர்வீஸ் ரிமோட்டால் எங்கள் அறை டிவியை மட்டும் திறந்துவிட்டார். கடைசி நாள் ராத்திரி ஒரு போன் போட்டால் வந்து பூட்டிவிடுவேன் என்றார்.

அதோடு முடிந்ததா? என் போனை அடாப்டரில் சொருகினேன். டிவியில் ஒன்றும் வரவில்லை. முப்பத்தைந்து வருஷ மெக்கானிக் தூத்துக்குடிப் பையன் முன்னால் அசடு வழிந்தேன். கடையில் சோதித்தது மகன் போனில்; இது என் 11,000 ரூபாய் போன். வாசகர்கள் இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், என் கடைக்கு வாரம் இரண்டு பேர் இதற்காகவே வருகிறார்கள். டைப்-சி வாய் எல்லாப் போனிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே 24 பின்னுக்கு இடம். படத்தை வெளியே அனுப்ப அதிவேகக் கம்பிகள் சில இணைக்கப்பட்டிருக்க வேண்டும், டைப்-சி வழியாகப் படம் அனுப்ப 2014இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் ஏற்பாடு போனில் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் அதைக் கொடுப்பதில்லை. அவற்றில் இருப்பது பழைய யூஎஸ்பி 2.0, வினாடிக்கு 480 மெகாபிட், சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும். சாம்சங்கில் எஸ் வரிசை படம் அனுப்பும். ஐபோனில் 2023இல் வந்த 15ஆம் மாடலிலிருந்து டைப்-சி, அனுப்பும். அதற்கு முந்தையவற்றுக்கு லைட்னிங் அடாப்டர் தனி. எந்தப் போனாக இருந்தாலும் கிளம்பும் முன் வீட்டு டிவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பத்து அடாப்டர் வாங்கினாலும் இல்லாத கம்பியில் படம் ஓடாது. ஓடிடியில் டவுன்லோட் செய்த படங்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற காப்புரிமைப் பூட்டு, போனும் அடாப்டரும் டிவியும் மூன்றும் கைகுலுக்கினால்தான் படத்தை விடும். 300 ரூபாய் அடாப்டருக்குக் கைகுலுக்கத் தெரியாது. சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். நீங்களே எடுத்த வீடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மகளின் போன் நல்ல போன். பென் டிரைவிலிருந்து அதற்கு வீடியோவை மாற்றி, அதை அடாப்டரில் சொருகினால் வந்துவிட்டது. வயர் எட்டவில்லை. ஒன்றரை மீட்டர் வயர், டிவி மேசைக்கு மேலே உயரத்தில். ஐஸ் வாளியைக் கவிழ்த்து மேசையில் வைத்து, அதன் மேல் அம்மாவின் மாத்திரை டப்பா, அதன் மேல் போன். ஒரு கை பிடித்துக்கொள்ள மருமகன். டெக்னீஷியன் பையன் கிளம்பவில்லை, கதவோரம் நின்றுகொண்டார்.

43 அங்குலத்தில் வில்லுப்பாட்டு வந்தது. வீசுகோல் வில்லில் பட்டதும் மணிகள் குலுங்கிய சத்தத்துக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தார். குடம் அடிக்கிறவரைப் பார்த்து, இவன் இன்னாரு மகன்லா என்றார். முளைப்பாரி வந்தது, மாவிளக்கு வந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர், ஒரு உறவு, ஒரு பழைய சண்டை. ஒன்பதாவது நிமிஷம் என்று நினைக்கிறேன், "நிப்பாட்டுல, நிப்பாட்டு" என்று கத்தினார். மருமகன் பயந்துபோய் நிறுத்தினார். பெண்கள் வரிசையில் மூன்றாவதாக என் சித்தி, அம்மாவின் தங்கை. "அந்தா பாத்தியா, கழுத்துல. எங்க அம்மையோட சங்கிலி. என்கிட்ட இல்லன்னு முப்பது வருசமா சாதிக்கா. இன்னா கெடக்கு!" போனில் எறும்பாக ஊர்ந்த சித்தி டிவியில் சங்கிலியோடு அகப்பட்டுவிட்டாள். அம்மா அந்த இடத்தைப் படம் பிடித்து வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறோம். ஊரில் இப்போது அதனால் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது, அது இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

மீதி மூன்று நாளும் அம்மா அந்த அறையில் சலிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் குறை இதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஊர்க்காரப் பையனின் தயவு. அவர் அன்று வேறு ஷிப்டில் இருந்திருந்தால் அம்மா நாலு நாளும் கப்பல் போகும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தயவால் கிடைப்பதை டிக்கெட்டில் எழுதிக் கிடைப்பதாக்க என்ன கஷ்டம்? கட்டில் எத்தனை அடி, ஜன்னல் உண்டா இல்லையா என்று போடுகிறார்கள். அதோடு அறை டிவியில் எச்டிஎம்ஐ பயன்படுத்தலாமா, யூஎஸ்பி படிக்குமா, போனிலிருந்து காஸ்ட் ஆகுமா என்று மூன்று 'ஆம், இல்லை' போட்டால் போதும். இல்லை என்றால் இல்லை என்றே போடட்டும், நாங்கள் சின்ன புரொஜெக்டர் கொண்டுபோவதா, கையில் டேப்லட் வாங்குவதா என்று பார்த்துக்கொள்கிறோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இந்தக் கப்பல் டிக்கெட் விற்கும் நம் தமிழ் ஏஜென்டுகளையும் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் விளம்பரத்தில் 'முதியோருக்கு ஏற்றது' என்று போடுகிறீர்கள். முதியோர் அறையில் நாள் முழுக்க எதைப் பார்ப்பார்கள் என்று ஒரு தடவை கம்பெனியைக் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் பயண நிருபரும் அடுத்த கட்டுரைக்கு முன் டிவியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்க்கட்டும்.

நான் கடைக்கு வந்த புதிதில், தாராவிச் சந்துகளில் டிவியையும் விசிஆரையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வருவார்கள். ஏரியல் சாக்கெட்டில் வயரைச் சொருகி, ஒரு சேனலை டியூன் செய்தால் படம். அந்த டப்பா டிவியில் பூட்டு என்ற பேச்சே கிடையாது. 2002இல் வந்த எச்டிஎம்ஐயில் 19 பின் இருக்கிறது, படமும் சத்தமும் ஒரே வயரில் ஜம்மென்று போகிறது. வாய் மட்டும் மூடியிருக்கிறது.

மும்பை திரும்பியதும் பரேல் லாட்ஜ்காரரிடம் போய்ப் பேசினேன். முதலில் முடியாது என்றார். பவர்-ஆன் சேனல் விஷயத்தைச் சொல்லி, ஒரு அறையில் செய்து காட்டினேன். ஆஃப் செய்து ஆன் செய்து ஆறு தடவை தானே சோதித்துப் பார்த்தார். பிறகு 26 அறையிலும் எச்டிஎம்ஐ 2ஐத் திறந்துவிட்டேன், இரண்டு நாள் வேலை, கூலி வாங்கவில்லை. லாமிங்டன் ரோட்டிலிருந்து மூன்று மீட்டர் வயர் நாலும் அடாப்டர் இரண்டும் வாங்கி கவுன்ட்டரில் வைத்திருக்கிறது. 200 ரூபாய் டெபாசிட் கட்டி எடுத்துப் போகலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். நாலு மாசம் ஆகிறது. இதுவரை ஒரு வயர்தான் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
டிவி மெக்கானிக், 90 அடி ரோடு, தாராவி, மும்பை.

(லாட்ஜ்காரர் என் வாடிக்கையாளர், சித்தியும் இந்தப் பேப்பர் படிப்பவர். பெயர் போட வேண்டாம்.)